விலைபோகாத மரச்சிற்பம்

மல்காஜ்கிரி, ஹைதராபாத்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கும் மருமகன் பாரக்காவுக்கும் அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன்.

போனில் பேசும்போது உன் அப்பா காது கேளாதவர் மாதிரி பக்கத்திலேயே பேப்பர் படிக்கிறார். எனக்குக் கோபம் வந்து பாதியில் வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதி, உங்கள் ஊர் தார் எஸ் சலாமுக்குத் திரும்பும் மணிவண்ணன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் கொண்டுவந்த மரச்சிற்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உன் மாமனார் தன் கையால் செதுக்கியது என்றதுமே அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவிடாமல் பீரோ மேல் ஏற்றிவிட்டார். போன வாரம் திடீரென்று, யாரிடமும் சும்மா வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம் வீட்டில் இல்லை, அதற்கு மதிப்புப் போட்டுச் சமமாகச் சீர் அனுப்பிவிட்டால் கொடுக்கல் வாங்கல் முடிந்தது என்றார். ஆப்பிரிக்கக்காரரைக் கட்டிக்கொண்டாய் என்பதற்காகப் பெற்ற மகளைத் தலைமுழுக இவர் கண்டுபிடித்த வழியைப் பார்! நான் விடுவேனா, கூடவே கிளம்பினேன்.

பேகம்பேட்டில் கலைப்பொருள்களுக்கு மதிப்புப் போடும் பெண் ஒருத்தி இருக்கிறாள், பெயர் பிந்து. துணியை அவிழ்த்ததும் சிற்பத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தாள். ஈரப் பஞ்சால் துடைத்தாள். சாதாரண மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசிக் கருங்காலி என்று ஏமாற்றுவார்களாம். பஞ்சில் ஒன்றும் ஒட்டவில்லை. டார்ச் அடித்து இடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, ஒட்டுப்போடாமல் ஒரே கட்டையில் குடைந்தது, நல்ல கை என்றாள். அப்பா, விலையைச் சொல்லுங்கள் என்றார்.

ஒருவர் தோளில் ஒருவர் நிற்கும் குடும்ப மரமாம் இது. நன்றாக விலைபோகும் வகைதானாம். ஆனால் இதை மட்டும் யாரும் வாங்கமாட்டார்கள் என்றாள். ஆப்பிரிக்கச் சிற்பத்தில் சேலை கட்டிய பெண் எதற்கு, சட்டைப் பையில் பேனா குத்திய கண்ணாடிக்காரர் எதற்கு, சேகரிப்பவர்கள் இதைக் கெட்டுப்போன வேலை என்பார்கள் என்று விரல் வைத்துக் காட்டினாள்.

குனிந்து பார்த்தேன். என் கொண்டை, என் முந்தானை. பக்கத்தில் உன் அப்பா. மாமனாரிடம் நம் கிறிஸ்துமஸ் போட்டோவைக் காட்டினாயா? எங்கள் தோளில் நீயும் பாரக்காவும். உங்கள் தலைக்கு மேல் செதுக்காமல் விட்ட சின்ன உருண்டை ஒன்று. அடியில் உட்கார்ந்து எல்லாரையும் சுமப்பவர்கள் உன் மாமனாரும் மாமியாரும் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. அந்தப் பெண் முன்னாலேயே அழுதுவிட்டேன்டி.

அப்பா சிற்பத்தைத் தானே துணியில் சுற்றினார். வரும்போது ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டார். நான் கேட்டும் என்னிடம் தரவில்லை.

இனி என் முடிவைக் கேள். பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது, விசாவுக்கும் கொடுத்துவிட்டேன். உன் பிரசவத்துக்கு வருகிறேன். இவர் வந்தாலும் சரி, நக்கோ, வரமாட்டேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்தாலும் சரி. தனியாகச் செகந்திராபாத்துக்கே போகாதவள் கடல் தாண்டிவிடுவாயா என்று கேலி செய்தார். தாண்டுவேன். லேகியம்கூடக் கிளறிவிட்டேன். இருமல் இருக்கிறது என்றாயே, ஐஸ் தண்ணீர் குடிக்காதே.

இதை எழுதும்போது அப்பா சிற்பத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மூக்கு சரியாக வரவில்லையாம். போட்டோ பார்த்துச் செதுக்கினால் இப்படித்தான், ஆளை நேரில் உட்காரவைத்துச் செய்ய வேண்டும் என்று சம்பந்தியிடம் சொல்லச் சொன்னார். சம்பந்தி என்றுதான் சொன்னார், ஜெனிட்டா.

ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் காப்பாராக. மாமனாரை உளி தீட்டி வைக்கச் சொல். சிற்பத்தை எடுத்துக்கொண்டு வருகிறோம். அந்த உருண்டையில் பேரப்பிள்ளையின் முகத்தைச் செதுக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உன் அம்மா,
ரோஸ்லின் சூசைராஜ்