மேல்தட்டில் வைத்த மூட்டை

மார்ச் 3, திங்கள்

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி போக்கும் அறைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அடுத்த மாதம் மேற்பார்வையாளர் பதவி எனக்குத்தான் என்று பெரிய நர்ஸ் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். "வீட்டுல புலி, வெளியில எலி. நீ நாலு பேரை அதட்டி வேலை வாங்குவியா?" மனுஷன் சொன்னதில் தப்பில்லை. வீட்டில் என் குரல் தெருமுனை வரை கேட்கும். வேலையிடத்தில் நான் இருக்கிற இடமே தெரியாது.

மார்ச் 5, புதன்

மகளின் பள்ளி நாடகம். அவளுக்கு மரம் வேஷம். அரை மணி நேரம் அசையவே இல்லை. என் கண்ணே பட்டிருக்கும்!

மார்ச் 6, வியாழன்

எழுதினாலாவது மனசு அடங்குமா?

மெஷினில் கருவி மூட்டைகளோடு ஒரு சோதனை மூட்டையும் வைப்போம். அதற்குள் ஒரு காகிதப் பட்டை. நீராவி சரியாகப் பட்டால் கறுத்துவிடும். அந்த மூட்டை அடித்தட்டில் இருக்க வேண்டும், அங்கேதான் நீராவி கடைசியாகப் போய்ச் சேரும். இன்று காலை அதை அடித்தட்டில் வைக்கக் குனிந்தபோதுதான் ஞாபகம் வந்தது. நேற்று நாடகத்துக்கு ஓடுகிற அவசரத்தில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்! பட்டை கறுத்தது, கையெழுத்தும் போட்டுவிட்டேன். அடித்தட்டு மூட்டைகள்? அவை மாடியில் ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டன. ஒரு தபால்காரருக்கு வயிற்றில் ஆபரேஷன்.

கூட வேலை செய்பவளிடம் சொன்னேன். எதற்கெடுத்தாலும் 'என் அனுபவத்துல' என்று ஆரம்பிப்பதால் அவளுக்கு 'அனுபவம்' என்றே பெயர். எல்லாம் சரியாகத்தான் வெந்திருக்கும், வாயைத் திறந்தால் பதவி போய்விடும், சும்மா இரு என்றாள். நானும் சும்மா இருக்கத்தான் நினைத்தேன். இரண்டு நிமிஷம் நினைத்தேன். ஐயோ, அந்த இரண்டு நிமிஷம்!

பிறகு மாடிப்படி ஏறியது மட்டும் ஞாபகம். டாக்டருக்கு ஆஸ்பத்திரி முழுக்க 'வெடி' என்று பெயர். நான் கதவைத் தள்ளியபோது கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ஆரம்பிச்சுடாதீங்க. அந்த மூட்டை மேல எனக்குச் சந்தேகம். சரியாப் பார்க்காம கையெழுத்துப் போட்டது நான்தான்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது டாக்டர். தெரியாததாலதான் வந்தேன்."

கையுறையைக் கழற்றி எறிந்தார். என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. வேறு பிரிவிலிருந்து கருவிகள் வரவழைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஆரம்பித்தார்கள்.

மார்ச் 7, வெள்ளி

மெஷினைச் சோதித்தார்கள். அடித்தட்டில் வைத்த பட்டை வெளுத்தே இருந்தது. தண்ணீர் வடியும் குழாயில் அடைப்பு. செவ்வாய் வரை பட்டைகள் ஒழுங்காகக் கறுத்திருக்கின்றன, புதன்கிழமைதான் கோளாறு. நான் பார்க்காமல் விட்ட அதே நாள்.

மார்ச் 10, திங்கள்

துணி மடிக்கும் பிரிவுக்கு மூன்று வாரம் மாற்றிவிட்டார்கள். பதவி 'அனுபவ'த்துக்குப் போய்விட்டது. குளியலறையில் அழுதேன். வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் கிண்டல் செய்வார் என்று பார்த்தேன். பாத்திரம் முழுவதையும் கழுவி வைத்தார். படுத்ததும் தூங்கிவிட்டேன்.

மார்ச் 19, புதன்

துணி அள்ளும்போது வாசலில் அந்தத் தபால்காரரைப் பார்த்தேன், குணமாகி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். மனைவி கையைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை. நாள் முழுக்க மனசு நிறைந்திருந்தது.

ஏப்ரல் 2, புதன்

பழைய அறைக்குத் திரும்பி இரண்டு நாள். புது மேற்பார்வையாளர் 'அனுபவம்' ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவள், திடீரென்று வெளிறிப்போனாள். இரண்டு நிமிஷம் ஏட்டை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். பிறகு மாடிக்குப் போன் போட்டாள்.

"மூணாம் நம்பர் மூட்டையைத் திருப்பி அனுப்புங்க. அதோட கெடு தேதி முடிஞ்சிருக்கு. கவனிக்காம விட்டது நான்தான்."

போனை வைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் எழுந்து, அலமாரியிலிருந்து வேறு மூட்டையை எடுத்து அவளிடம் நீட்டினேன்.