கண்காட்சிக்கு இரண்டு காளைகள்

மே 17, ஞாயிறு

குளிப்பாட்டும்போது என் காளை மேயர் இன்று உதைக்கவில்லை. தண்ணீர்க் குழாயைக் கண்டதும் தானே வந்து நின்றான்.

இந்த வருஷம் எங்கள் கவுண்டியின், அதான் எங்கள் மாவட்டத்தின், கால்நடைக் கண்காட்சியில் இவன்தான் சாம்பியன். ஆசைக்கு எழுதவில்லை, கண்ணில் பட்டதை எழுதுகிறேன். முதுகு மேசைப் பலகை மாதிரி, பின்தொடை கனம், நடையில் அவசரம் இல்லை. எங்கள் தொழுவத்திலேயே பிறந்தவன். பிறந்த ஈரம் காயும் முன்னே தொட்டவள் நான். காயடித்த அன்றும் பக்கத்தில் நின்றேன்.

அவனோடு வளர்ந்த பிஸ்கட்டை அப்பா இன்று ரெனாட்டாவுக்குக் கொடுத்தார். "இது உனக்கும்மா. கொரின் சொல்லித் தருவா." அவள் தலைக்கயிற்றை வாங்கிய விதத்தைப் பார்க்க வேண்டுமே, யாரோ செத்த பாம்பை நீட்டியது மாதிரி.

ரெனாட்டா டெனிஸின் மகள். பிப்ரவரியில் அப்பா டெனிஸைக் கல்யாணம் செய்துகொண்டார். கூடவே என் வயதில் ஒரு பெண் ஒமாஹா நகரத்திலிருந்து வந்து மாடி அறையை எடுத்துக்கொண்டாள். ஆகஸ்டில் அவளுடைய அப்பா வந்து கூட்டிப்போய்விடுவாராம், பள்ளியின் கடைசி வருஷம் அங்கேதானாம். இதைச் சாப்பாட்டு மேசையில் தினம் ஒரு தடவை சொல்கிறாள். கேட்டு உருளைக்கிழங்கே ஆறிப்போகிறது.

மே 20

"கொம்புதான் இல்லையே, அப்புறம் எதுக்குப் பயப்படணும்?" என்று ரெனாட்டா கேட்டாள்.

"பின்னாடி நிக்கிறியே, அதுக்கு" என்றேன்.

நகர்ந்துவிட்டாள். நல்ல வேகம்.

ஜூன் 2

தீவனத்தில் அப்பாவோடு சண்டை. நசுக்கிய மக்காச்சோளத்தை இப்போதே கூட்டச் சொல்கிறார். மாட்டேன் என்றேன். சாணம் இளகியிருக்கிறது. இன்னும் ஒரு வாரம் ஓட்ஸும் காய்ந்த புல்லும் போகட்டும்.

"ஏழு வருஷமா காளை வளர்க்கற. ஏழு வருஷமும் நீதான் ஜெயிச்சியா?"

"ரெண்டு வருஷம்பா. ரெண்டும் நான் கலந்த தீவனம்."

அப்பா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். அப்படிப் போனால் சரி என்று அர்த்தம்.

ஜூன் 14

பிஸ்கட் ரெனாட்டாவின் காலை மிதித்துவிட்டான். அவளுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எனக்குத் தெரிந்ததைவிட ரொம்ப அதிகம்.

ஜூன் 27, சனி

ஒரு ஆச்சரியம். எழுதியே ஆகவேண்டும்.

மாட்டின் முடியை ஊதி உலர்த்தி, மேல்நோக்கிச் சீவி, காலைத் தூண் மாதிரி பருமனாகக் காட்டுவது எனக்கு எப்போதும் வராது. என் காளைகள் எப்போதும் மழையில் நனைந்த பொம்மை மாதிரிதான் மேடையேறும். இன்று ரெனாட்டா டெனிஸின் கடையிலிருந்து ஒரு சீப்பும் கத்தரிப்பு மிஷினும் எடுத்துக்கொண்டு வந்தாள். டெனிஸ் ஊருக்குள் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். ரெனாட்டா பத்து வயதிலிருந்து அங்கே தரை கூட்டியவள்.

"நீ சீவற திசையே தப்பு. தள்ளு."

தள்ளினேன். முடிந்ததும் எட்ட நின்று பார்த்தேன். பிஸ்கட் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றான்.

"எப்படி?" என்றாள்.

"பரவால்ல" என்றேன். பரவாயில்லையா! இந்தக் கவுண்டியில் அப்படி ஒரு காலை யாரும் சீவியதில்லை. ஆனால் அவளிடம் அதை ஏன் சொல்லவேண்டும்?

ஜூலை 11

கண்காட்சியில் எனக்குப் போட்டியாக நிற்கும் டக்கர் ஹ்ராபிக் வேலியோரம் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனான். அவனுடைய காளை டைட்டன் அவன் அப்பா ஓக்லஹோமாவில் விலைக்கு வாங்கிவந்தது. "வீட்டுல பொறந்ததை வெச்சு இன்னும் எத்தனை வருஷம் ஓட்டப்போற, கொரின்?"

"நீ நடக்கப் பழகற வரைக்கும்டா" என்றேன். போன வருஷம் கண்காட்சியில் மாடுகளை நடத்திக் காட்டும் வளையத்துக்குள் காளை இழுத்து இவன் முகங்குப்புற விழுந்ததை ஊரே பார்த்தது.

ரெனாட்டா சத்தமாகச் சிரித்தாள். இங்கே வந்து அவள் சிரித்து இப்போதுதான் கேட்கிறேன்.

ஜூலை 20, திங்கள்

நாலு நாளாக அனல். தொழுவத்தில் மூன்று விசிறி ஓடியும் இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டே நிற்கிறார்கள். தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறார்கள்.

ஜூலை 22, புதன்

கை கழுவியும் நாற்றம் போகவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் மழை. ஒரேயடியாகக் குளிர்ந்தது. பட்டினி கிடந்த மேயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தின்று தீர்த்தான். நான் பாதிதான் வைத்தேன். கதவை முட்டித் திறந்து தீவன மூட்டை வரைக்கும் போயிருக்கிறான்.

மதியம் பீன்ஸ் வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். ரெனாட்டா செருப்பில்லாமல் ஓடிவந்தாள். "உன் மாடு அசை போடல. இடது பக்கம் என்னமோ உப்பிருக்கு. வயித்தையே உதைச்சுக்கறான்."

நான் போனபோது விலா தெரியவில்லை. தட்டினால் பறை மாதிரி. கழுத்தை நீட்டி, நாக்கு வெளியே. அப்பா ஆற்றுக்கு அந்தப்பக்கத்து நிலத்தில். மாட்டு டாக்டர் வீட்டுக்கு போன் போட்டால் அவர் மனைவி, "பக்கத்துக் கவுண்டிக்குப் போயிருக்காரே கண்ணு" என்கிறாள். பக்கத்துக் கவுண்டி! இங்கே மாடு நின்றபடியே செத்துக்கொண்டிருக்கிறது!

வயிற்றில் வாயு அடைத்துவிட்டது, வாய் வழியாகக் குழாய் விட்டு அதை வெளியேற்றவேண்டும். டாக்டர் செய்து இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். கையால் செய்ததில்லை.

"தலையைப் பிடி. விட்டா உன்னையும் என்னையும் நசுக்கிருவான்" என்றேன்.

"எங்க பிடிக்கணும்?"

"மூக்குத் துவாரத்துல விரலை விட்டு. தூக்கிப் பிடி. பயப்படாத."

"பயந்துட்டுதான் இருக்கேன். நீ குழாயை விடு!"

வாய்க்குள் பல் கடிக்காதபடி மரக்கட்டையைக் குறுக்கே வைத்து, எண்ணெய் தடவிய ரப்பர் குழாயைத் தள்ளினேன். முதல் தடவை இருமினான். மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும், உருவினேன். மறுபடியும் மெல்ல, அவன் விழுங்கும்போது மட்டும். திடீரென்று குழாயிலிருந்து புஸ்ஸென்று காற்று. அந்த நாற்றம்! உலகத்திலேயே அதைவிட நல்ல வாசனை கிடையாது. வயிறு கண்ணெதிரே இறங்கியது.

ரெனாட்டாவின் முகமெல்லாம் எச்சில், கோழை. "செஞ்சுட்டோமா?" என்றாள்.

"செஞ்சுட்டோம்."

ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து மறுபடியும் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்லவே இல்லை.

ஜூலை 25

மேயர் காய்ந்த புல் மட்டும். மற்றதைத் தொடவில்லை. தொடை வற்றுகிறது.

ஜூலை 28, செவ்வாய்

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் பிழைத்துக்கொள்வான் என்றார். பிழைப்பது வேறு, எடை வேறு. ஆயிரத்து நூற்றைம்பது பவுண்டுக்குக் குறைந்தால் வளையத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். நாடாவால் மார்பைச் சுற்றி அளந்தேன். ஏறக்குறைய அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறான்.

அப்பா சோள வாளியோடு வந்தார். "பத்து நாள் கூட இல்ல. நிறைய வெச்சுக் குடும்மா."

"நிறைய வெச்சா திரும்பவும் உப்புவான். புல்லு, கொஞ்சம் ஓட்ஸ், கைப்பிடி சோளம். நாளைக்கு ஒன்றரைப் பிடி. அவ்ளோதான்."

"எடை வரலேன்னா?"

"வரும்ப்பா."

வருமா? வரும். அவன் வயிறு எனக்குத் தெரியும்.

இன்னொன்று. பிஸ்கட் இப்போது மேயரைவிட நன்றாக இருக்கிறான். ரெனாட்டாவுக்கும் தெரியும். கொஞ்சம் எரிகிறது. சரி, நிறையவே எரிகிறது.

ஆகஸ்ட் 2

மேயர் இன்று என் கையிலிருந்த வாளியைப் பிடுங்கினான். திருட்டுப் பயல்! திருப்பி வாங்கும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஆகஸ்ட் 5, புதன்

கண்காட்சி மைதானம். எடைமேடை. முன்னால் நின்ற டக்கர், "இது காளையா, துணி காயப்போடற கொடியா?" என்றான். மேயரை மேடையில் ஏற்றினேன். முள் ஆடி ஆடி நின்றது.

ஆயிரத்து நூற்றைம்பத்து நாலு.

அப்பா தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார்.

ஆகஸ்ட் 6, வியாழன்

விடியும் முன்பே குளிப்பாட்டி உலர்த்தினோம். ரெனாட்டா பிஸ்கட்டை முடித்துவிட்டு, கேட்காமலே மேயர் பக்கம் வந்தாள். வற்றின தொடை மேலே முடியை நீளமாக விட்டு, வயிற்றோரம் ஒட்டக் கத்தரித்தாள்.

"உன்னுதுக்கு எதிரா நீயே வேலை பாக்கறியே" என்றேன்.

"வேற வேற எடைப் பிரிவுதானே. வாயை மூடிட்டு வாலைப் பிடி."

மேயர் எட்டுப் பேரில் ஐந்தாவது. "நல்ல எலும்பு, நல்ல நடை, சதை போதவில்லை" என்று நடுவர் ஒலிபெருக்கியில் சொன்னார். உண்மை. நான் நடுவராக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். பிஸ்கட் தன் பிரிவில் இரண்டாவது! முதல் வருஷத்திலேயே! ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ரெனாட்டா அதை வாயில் கவ்விக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள்.

சாம்பியன் டைட்டன். டக்கரின் அப்பா எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினார்.

மூன்று மாதமாக நான் எழுதிவந்த சாம்பியன் வேறொருவன் தொழுவத்தில். அழவில்லை. இன்னும் நாளை இருக்கிறது. நாளை மாட்டுக்கு மதிப்பெண் இல்லை, அதை நடத்திக் காட்டுபவருக்குத்தான்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

ஜெயித்தேன்.

முதலில் அதை எழுதிவிட்டேன். இனி நிதானமாக.

பதினான்கு பேரில் கடைசியாக நானும் டக்கரும் மட்டும் வளையத்தில். நடுவர் இருவரையும் பார்த்தார். "கயிறை மாத்திக்கோங்க" என்றார்.

டக்கர் கையில் மேயர். என் கையில் டைட்டன். டைட்டனின் கண்ணில் வெள்ளை தெரிந்தது. அழகான உடம்பு, ஆனால் யாரும் உட்கார்ந்து பழக்காத உடம்பு. நாலடி நடந்திருப்போம், ஒலிபெருக்கி கீச்சென்று கத்தியது. என்னை அப்படியே தூக்கிக்கொண்டு பாய்ந்தான். குதிகாலை மண்ணில் ஊன்றி, கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, அவன் தலையை என் பக்கம் திருப்பினேன். சுற்றினான். நானும் சுற்றினேன். மேயராக இருந்தால் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன். இவனிடம் சும்மா "ம்ம்ம், ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே, கையிலிருந்த கொக்கி வைத்த நீளக் குச்சியால் வயிற்றடியில் மெல்லச் சொறிந்தேன். இழுக்கவே இல்லை. அவன் பெருமூச்சு விடுகிற வரைக்கும் நின்றேன். விட்டான். பிறகு ஒவ்வொரு காலாகத் தொட்டு, நாலு காலையும் சதுரமாக நிறுத்தினேன்.

அந்தப் பக்கம் மேயர் டக்கரோடு ஆட்டுக்குட்டி மாதிரி நடந்துகொண்டிருந்தான். யார் பிடித்தாலும் நடப்பான். அப்படித்தான் பழக்கினேன்.

நடுவர் என் கையைத்தான் குலுக்கினார்.

வெளியே வந்ததும் டக்கர் கயிற்றை நீட்டினான். "உன் காளை நல்லவன்" என்றான். சும்மா சொல்லவில்லை. "டைட்டனைத் தினம் நடத்துடா, பயந்துதான் போறான், திமிரு இல்ல" என்றேன். தலையாட்டினான்.

ரெனாட்டா கம்பி வேலி மேலே ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தாள். "அது எங்க வீட்டுப் பொண்ணு! எங்க வீடு!" டெனிஸ் கீழே நின்று அவள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 8, சனி

ஏலம். பிறகு லாரி.

ரெனாட்டாவுக்கு மே மாதமே சொல்லிவிட்டேன், இது இறைச்சிக்கு வளர்க்கிற மாடு, கண்காட்சியோடு முடியும் என்று. தெரிந்துதான் வளர்த்தாள். ஆனாலும் கண்காட்சித் தொழுவத்தில் பிஸ்கட்டின் கழுத்து முடியை மறுபடியும் மறுபடியும் சீவிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே லாரிதானே?"

"ஒரே லாரிதான்."

"அப்ப மேயரை முதல்ல ஏத்து. இவன் அவன் பின்னாடியே போயிருவான். தனியா நிக்கப் பிடிக்காது இவனுக்கு."

அப்படியே செய்தோம். மேயர் பலகையில் ஏறினான், பிஸ்கட் அவன் வாலைத் தொட்டபடி ஏறினான். தலைக்கயிற்றைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமல் நடக்கவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அவள் சரியாக நடந்தாள். நான்தான் திரும்பினேன்.

வண்டியில் இரண்டு பேரும் அழுதோம். அப்பா ரேடியோவைச் சத்தமாக வைத்தார், எங்களைப் பார்க்கவே இல்லை.

ஆகஸ்ட் 12

தொழுவம் காலி. தீவன நேரத்துக்குக் கால் தானாக அங்கே போகிறது. இன்று போனால் ரெனாட்டா ஏற்கெனவே அங்கே நிற்கிறாள், வெறும் வாளியோடு.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

ரெனாட்டாவின் அப்பா மதியம் வந்தார். அவளுடைய பெட்டிகள் இரண்டு நாளாக வாசலில் இருந்தன. கார் பக்கத்தில் நின்று அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. நான் கவனிக்காத மாதிரி ஜன்னலோரம் பாத்திரம் துடைத்தேன், துடைத்ததையே. அவர் அவளைக் கட்டிப்பிடித்துத் தலையில் முத்தம் கொடுத்துவிட்டு, தனியாகக் கிளம்பிப் போனார். பெட்டிகள் வாசலிலேயே நின்றன. டெனிஸ் மாடிப்படியில் உட்கார்ந்து ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இரவுச் சாப்பாட்டில் ரெனாட்டா வாயில் மக்காச்சோளத்தோடு சொன்னாள், "மேய்ச்சல்ல நிக்குதே, வெள்ளை முகக் கன்னு. அது எனக்கு."

"அதை நான் வசந்தத்துலயே பாத்து வெச்சுட்டேன்."

"பாத்து வெச்சா உன்னுதாயிடுமா?"

"அடுத்த வருஷக் கண்காட்சிதான் எனக்குக் கடைசிடி."

"எனக்கும்தான்டி."

அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "வெளிய போய் சண்டை போடுங்க ரெண்டு பேரும்."

வெளியே போனோம். வேலியில் சாய்ந்து இருட்டுகிற வரைக்கும் கன்றுகளைப் பார்த்தோம். வெள்ளை முகத்துக்கு முதுகு நீளம், கால் நேர். பக்கத்தில் நிற்கிற கறுப்பனும் மோசமில்லை. நாளை தலைக்கயிறு போட்டுப் பார்க்கப்போகிறோம்.

வெள்ளை முகம் எனக்குத்தான்.