உப்பளத்துப் பாட்டுக்கு இட்ட வாய்க்கட்டு

வெண்கரை நாடாளும் கோமகள் செங்கமலத் தேவியாரின் ஆணையால், அமைச்சர் மாறன் பொறையனார், முத்துத்துறை ஒலிமாடத் தலைவர் காரிக்கண்ணனார்க்கு விடுக்கும் ஓலை. உம் நகரில் மழை தப்பாது பெய்க. உம் மரக்கலங்கள் நலமே கரை சேர்க.

செய்தியாவது: ஊர்தோறும் மாடம் அமைத்து, பாடுவோரிடம் பாட்டை வாங்கி, கேட்போர் வாசலுக்கு மறுபாடகரை அனுப்பிப் பாடுவிப்பது உம் தொழில். புரவலரோ குழுவோ இல்லாத உமையாண்டாள் என்பவள் தன் பாட்டொன்றை உம்மிடம் ஒப்படைத்தாள். ஒப்படைத்த பாட்டை இயற்றியவரும் வெளியே பாடலாகாது என்னும் உம் விதிக்கும் இசைந்தாள். வேறென் செய்வாள்? பாட்டுக் கேட்கும் நாடு முழுதும் உம் வாசலிலேயே நிற்கிறது.

அலையூர் உப்பளத்தார் நாள்தோறும் அந்தப் பாட்டையே கேட்டனர். உப்பை வாரி இழுக்க அதன் தாளம் ஒத்து வந்ததாம். ஒரே இடத்திலிருந்து ஓயாமல் அழைப்பு வரவே, இவை பாட்டின் மதிப்பை உயர்த்திக் காட்ட அவள் கூலிக்கு அமர்த்திய காதுகள் என்று உம் ஏவலர் முடிவுகட்டி, இனி எவரும் பாடாதபடி அப்பாட்டுக்கு வாய்க்கட்டு இட்டனர். அவள் அளத்தாரையே அழைத்து வந்து மாடத்தின் முன் நிறுத்தினாள். “உப்புப் பூத்த எங்க காதை எவன்யா வாடகைக்கு எடுப்பான்?” என்று அவர்களுள் ஒருத்தி கேட்டாளாம். முறையீட்டை ஓலையில் தருக என்று வாயிலோர் கதவடைத்தனர்.

தந்தாள். ‘ஆராய்ந்தோம், மாற்றமில்லை’ என்று மறுமொழி வந்தது. பின்னர் நாமே இருமுறை எழுதினோம். அதே சொற்களே வந்தன. மறுமொழி ஓலைகள் முன்னரே எழுதப்பட்டு உம் மாடத்தில் கட்டுக்கட்டாக உலர்கின்றன என்றும், நம் ஓலையின் முத்திரை உடையுமுன்பே மறுமொழி தம் கையில் தரப்பட்டது என்றும் நம் தூதர் வந்து கூறினார். நமக்குச் சினம் எழவில்லை, அலுப்பே மிஞ்சியது. உமையாண்டாளோ, தன் பாட்டை முணுமுணுக்கவும் உம் காவலர்க்கு அஞ்சி, பிழைப்புக்காக அந்த அளத்திலேயே வாய்மூடி உப்பு வாருகிறாள்.

அரண்மனையிலிருந்தும் அவைப்பாடகர் மருதவாணரின் பாட்டொன்று நாள்தோறும் கேட்கப்படுகிறது. அதுவும் ஒரே வாசல், ஓயாத அழைப்பு. அதை எவரும் ஐயுற்றதில்லை.

ஆகவே ஆணையாவது: உமையாண்டாளின் பாட்டை அவிழ்த்து, அவளும் அதைப் பாட விடுக. இயலாதெனில், அதே விதியால் அரண்மனைப் பாட்டுக்கும் வாய்க்கட்டு இடுக. பாட்டின்றி இருக்கத் தேவியார் இசைந்துள்ளார். இதற்கு மறுமொழி ஓலை வேண்டா. நீரே அலையூருக்கு வந்து, ஒரு பாத்தி உப்பு வாரி முடியுமட்டும் அளத்தில் நின்று, பாட்டின்றி அவர்கள் இழுப்பதைக் கேட்டபின் வாய் திறப்பீராக.

இது கோமகள் சொல். அரக்கு ஆறுமுன் அவர் இலச்சினை பதித்தோம்.