போர்டு இல்லாத படகு

பாசமுள்ள என் அப்பாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் சிரிப்பாய். இருந்தாலும் கேட்கிறேன். இங்கே அம்மா நலம். நம் செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி. நான் இப்போது ரேடியோவில் மாதச் சம்பளத்துக்கு ஜோக் எழுதுகிறேன். காலை நிகழ்ச்சியில் வரும் செய்தி ஜோக்குகளில் பாதிக்கு மேல் என்னுடையவை.

இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று ஊருக்கே தெரியும். முழுக்கத் தெரிந்தது நம் இருவருக்கு மட்டும்.

அந்த நிகழ்ச்சிக்கு நேயர்கள் வாட்ஸ்அப்பில் ஜோக் அனுப்பலாம். அன்றைய செய்தியை வைத்து எழுத வேண்டும், ஊர்ப் பெயரும் கட்டாயம். ஒரு வருடமாக அனுப்பியும் என்னுடையதை வாசிக்கவே இல்லை. புயலில் ஏரித் தண்ணீர் செலியமேட்டுக்குள் புகுந்த மறுநாள், பள்ளிக்கூட முகாமில் உட்கார்ந்து இதை எழுதினேன்:

"செலியமேட்டுல எல்லாரையும் படகு வச்சி காப்பாத்துனாங்க. ஒரு பெரியவர் மட்டும் ஏறல. ஏன்னு கேட்டா, 'இது பாகூர் போவுமா, கடலூர் போவுமா? போர்டே இல்லியே'ன்னாராம்."

வாசித்தவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறு வாரமே என்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள். உன் பெயரைப் போடவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் செலியமேட்டில் படகில் ஏறாத பெரியவர் நீ மட்டும்தானே?

அதன் பிறகு டீக்கடையில் உன்னை யார் விட்டார்கள்? "இன்னா மாமா, போர்டு பாத்தியா?" என்பார்கள். "கண்ணு தெரியலப்பா, நீ பாத்து சொல்லு" என்று நீயும் சேர்ந்து சிரித்தாய். கொஞ்ச நாளில் வீட்டிலேயே டீ குடிக்க ஆரம்பித்தாய். கடையில் சர்க்கரை அதிகம் என்றாய்.

நடந்ததை இன்று எழுதிவிடுகிறேன். அம்மாவை முந்தின நாளே சித்தி வீட்டில் விட்டிருந்தோம். வயலோரத்து நம் வீட்டுக்குப் படகு வந்தபோது தண்ணீர் இடுப்புக்கு மேல். "நீ ஏறுடா, மாட்ட அவுத்துட்டு தோ வந்துட்றேன்" என்று கொட்டகைக்குப் போனாய். நான் ஏறினேன். படகோட்டி வந்த மீனவர், "வூட்ல இன்னும் ஆளு கீதா?" என்றார். எனக்கு நீச்சல் தெரியாது, பயந்துவிட்டேன். "எங்கப்பா வரமாட்டேன்னுட்டாரு. நீங்க எடுங்கண்ணே" என்றேன்.

நீ அப்படிச் சொல்லவே இல்லை. பின்னாலிருந்து நீ கூப்பிட்டது என் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

மாட்டை மேட்டில் ஏற்றிவிட்டு, சாயங்காலம் வரை மோட்டார் கொட்டகை மேல் நின்றாய். வேறு படகில் முகாமுக்கு வந்து, "சாப்டியாடா?" என்று கேட்டாய். அவ்வளவுதான். அதற்குள் "அப்பா எங்கடா?" என்றவர்களிடம் எல்லாம் அதே பொய்யைச் சொல்லி முடித்திருந்தேன். அதைத்தான் மறுநாள் ஜோக்காக்கினேன்.

அதன் பிறகு இரண்டு வருடம் இருந்தாய். ஏனப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை? என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றா, இனிப் பேசி என்ன என்றா?

மழைக்காலம் வந்துவிட்டது. அந்தப் படகு ஜோக்கை மறுபடியும் போடலாமே என்றார்கள் ரேடியோவில். வேண்டாம் என்றுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது அப்பா.

நாளைக் காலை டீக்கடைக்குப் போகிறேன். எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்து, நீ மறுக்கவில்லை, நான்தான் உன்னை விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லப்போகிறேன். இதுவும் ஜோக் என்று நினைத்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அங்கேயே நின்று, மறுபடியும் சொல்வேன். இது சத்தியம்.

நீ கூப்பிட்டும் திரும்பாத
உன் மகன்