பாஸ்டர் எடுத்துப்போன மாயக்கதைப் புத்தகம்

மார்ச் 3, வியாழன், 1983. குருண்.
கொளுத்தும் வெயில். குழாயில் தண்ணீர் இல்லை. புது வீட்டுக்கு வந்து நான்கு நாள், பாதிப் பெட்டி இன்னும் கட்டியபடியே.

காலை ஷிப்ட் முடிந்து வந்தால் வீடெல்லாம் எண்ணெய் வாசனை. எங்கள் சபை பாஸ்டர் வந்து அறை அறையாக எண்ணெய் பூசி ஜெபம் செய்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்கு ஆகாது என்று அவர் கொண்டுபோனவை:
சீட்டுக்கட்டு.
பக்கத்து வீட்டக்கா கொடுத்த திருஷ்டிக் கயிறு.
என் மாயக்கதைப் புத்தகம்.

எடுத்துக் கையில் கொடுத்தது டேனியல். கட்டிய புருஷன்!

"அட்டையில குதிரைத் தலை வச்ச பொம்பள நிக்கிறா ரோசி. அத வச்சுக்கிட்டு எப்படி ஜெபம் பண்றது? எரிச்சிடுவாராம்லா."

"பதினோரு வருசமா வச்சிருக்கேன். உங்கள ஏதாச்சும் பேய் புடிச்சுச்சா?"

சோறு மட்டும் வடித்தேன். குழம்பு இல்லை.

மார்ச் 4, வெள்ளி.
இங்கே வெள்ளிதான் வார விடுமுறை, சபை கூடுவதும் இன்றுதான். சபைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லச் சொன்னேன். தலையே வலிக்கவில்லை.

அந்தப் புத்தகம் ஐம்பதுகளில் மதராசில் அச்சான மலிவுப் பதிப்பு. பதினான்கு கதைகள். கல்யாணத்துக்கு முன்பு சுங்கை பட்டாணி டவுன் பழைய பேப்பர் கடையில் மூட்டைக்குள் துழாவி எடுத்தது. அங்கே போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர் பழைய புத்தகம் சேர்ப்பவர். இதைக் கேட்டு மூன்று முறை வந்தார். "இன்னொண்ணு எங்கயும் கெடைக்காதும்மா" என்றார். அவருக்கே கொடுக்கவில்லை நான்.

சாயங்காலம் டேனியல் மீ கோரேங் வாங்கி வந்தார். தின்றேன். கோபம் வேறு, பசி வேறு.

மார்ச் 7, திங்கள்.
பாஸ்டர் வீட்டுக்கே போனேன்.

"எரிச்சாச்சு சிஸ்டர். உங்க நல்லதுக்குத்தான்." கொல்லையில் எண்ணெய் டின், அதில் சாம்பல். காட்டினார். காட்டும்போது சிரிப்பு வேறு.

பஸ்ஸில் அழுதேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

நினைவில் இருக்கும் கதைகளையாவது எழுதி வைக்க உட்கார்ந்தேன். பதினான்கில் ஒன்பதுதான் வந்தது. நிலா வெளுக்கப் போட்ட துணியில் ஒரு முழம் திருடிய வண்ணான் கதை முழுசாக வந்தது. அவன் வீட்டில் இருட்டே வராது, பிள்ளைகளுக்குத் தூக்கமே வராது. மற்ற ஐந்தும் போயின. அந்த மனுஷன் நாசமாய்ப் போக. (இது பாவம். தெரியும். எழுதியதைக் கோடு போட்டு அடிக்கவில்லை.)

மார்ச் 11, வெள்ளி.
நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

டேனியல் கெஞ்சினார் என்று சபைக்குப் போனேன். பிரசங்கம், திருட்டைப் பற்றி. பாஸ்டர் ஆரம்பித்தார்: "பாடாங் மேஹா எஸ்டேட்டுல நடந்த உண்மைச் சம்பவம். ஒரு சலவைத் தொழிலாளி. ஒரு வெள்ளைத் துணியத் திருடுறான். அன்னைலேர்ந்து அவன் வீட்டுல ராத்திரியே இல்ல!"

என் கதை. வார்த்தைக்கு வார்த்தை. சனம் "ஆமென், ஆமென்" என்கிறது. முன்வரிசை மாமி ஒருத்தி கண்ணைத் துடைக்கிறாள்.

எரிக்கவில்லை! முதலில் அந்தச் சந்தோஷம். பிறகுதான் கோபம். டேனியல் சேலையைப் பிடித்து இழுக்க இழுக்க எழுந்து நின்றேன்.

"பாஸ்டர், இது எத்தனாவது பக்கம்?"

பதில் வந்தது அவரிடமிருந்து அல்ல. பாட்டுக்குத் தட்டும் டம்போரின் பிடித்திருந்த அவர் மனைவி, வெள்ளந்தியாக:

"நாப்பத்தி மூணுக்கா."

செருப்பை மாட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு நடந்தேன். அந்தப் பெண் சாவியோடு பின்னாலேயே ஓடி வந்தாள். கல்யாணமாகி ஆறு மாதம்தான். புத்தகம் அவள் தலையணைக்கு அடியில். அட்டை மட்டும் இல்லை.

"அத மட்டும் எரிச்சாருக்கா. நான்தான் கதைய எரிக்க வேணாம்னேன். அவரும் படிச்சாரு."

அந்த அட்டையை எத்தனை மழைக்கும் கரையானுக்கும் தப்ப வைத்திருந்தேன். அவளை அறைந்திருப்பேன். கை ஓங்கவும் செய்தேன்.

"அக்கா, கடைசிக் கதை படிக்க இன்னும் அஞ்சு பக்கம் இருக்கு" என்றாள்.

"உக்காந்து படி."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் வாசற்படியில் குறுக்கே நின்றேன். பாஸ்டர் வியர்த்து வழிய வந்து சேர்ந்தார்.

"சிஸ்டர், இது என் வீடு."

"வெளிய நில்லுங்க. அவ படிச்சுக்கிட்டு இருக்கா."