ரங்கூனைக் கட்டிப்போட்ட பத்து நாள்

3-2-1972

காலை ஆறரைக்கு அரை மாத்திரை. கருவாட்டுக்குள் வைத்துக் கொடுத்தேன். ரங்கூன் கருவாட்டைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பியது. மூன்றாம் தடவைதான் விழுங்கியது.

"என் மூட்டுக்குத் தைலம் வாங்கிட்டு வாங்கன்னு மார்கழி மாசம் பூரா கத்துனேன். நாய்க்கு மணி பாத்து மருந்து" என்றாள் ராமாயி. இவளுக்குப் பதில் சொல்லி நாற்பது வருடத்தில் நான் ஜெயித்ததில்லை.

கடைசி வலிப்பு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. விஷயம் எங்கள் இருவருக்கும் நன்னிலம் மாட்டாஸ்பத்திரி டாக்டருக்கும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் வெறிநாய் என்று அடித்துப் போடுவார்கள்.

5-2-1972

விசாரணை நோட்டீஸ் வந்துவிட்டது. 14ஆம் தேதி, நன்னிலம். இருபத்திரண்டு வருடமாகக் குத்தகைக்கு உழுகிற நிலம். குத்தகைதாரர் பதிவேட்டில் என் பெயரை ஏற்றுவதா வேண்டாமா என்று அன்றைக்குத்தான் தெரியும். "ஐயாவு எங்கள் கூலியாள்" என்று பஞ்சநதம் பண்ணையார் எழுதிக் கொடுத்திருக்கிறார். குத்தகை நெல் அளந்ததற்கு ஒரு வருடமாவது ரசீது கொடுத்தாரா? கேட்டால், "எங்கிட்டயே ரசீதா?" என்பார்.

சட்டத்தை நானே படிப்பகத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். முப்பது வயதுக்கு மேல் எழுத்து கற்றதும் அங்கேதான். சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. சாட்சி வேண்டும்.

நெல் அளப்பதை வருடம் தவறாமல் பார்த்தவன் பக்கத்து வயல் மருதையன் ஒருவன்தான். "சூடம் அடிச்சுச் சொல்றேன் மாமா. நீ தூங்கு" என்றான்.

7-2-1972

வயலை யார் உழுகிறார் என்று காட்டும் அடங்கல் நகலுக்காக விடிவதற்கு முன்பே கர்ணம் வீட்டு வாசலில் போய் நின்றேன். நகல் கிடைக்காமல் மதியம்தான் திரும்பினேன். காலை மாத்திரை கொடுக்காமல் போனது என் தவறு.

ரங்கூன் என்னைத் தேடி வயலுக்குப் போயிருக்கிறது. வரப்பில் விழுந்து இழுத்துக்கொண்டது. மருதையன் பார்த்துவிட்டு ஓடியிருக்கிறான். மனுசனுக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாய்க்குக் கை ஏது? மோட்டார் கொட்டகைச் சாவியை வாயில் திணித்திருக்கிறான். இரண்டு விரலில் பல் இறங்கிவிட்டது.

"நல்லதுதானே மாமா செஞ்சேன்?" ரத்தம் சொட்டச் சொட்ட நின்றான்.

வெறி இல்லை, வலிப்பு என்றேன்.

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமாவா? பக்கத்து வயல்ல கெடக்குறேன். ஒரு வார்த்த சொன்னியா?"

சொல்லவில்லை.

8-2-1972

டாக்டர் சொன்னது: நாயைக் கொல்லாதே, கட்டிப்போடு. பத்தாம் நாள் நன்றாக இருந்தால் வெறி இல்லை என்று அர்த்தம். மருதையனுக்கு அதுவரை தினமும் தொப்புளைச் சுற்றி ஊசி. நாய்க்கு ஒன்றென்றால் பதினாலும் போட்டாக வேண்டும்.

9-2-1972

மருதையன் வேலிக்கு வெளியே நின்றான். உள்ளே வரவில்லை. கடித்த நாய் உயிரோடு இருக்கிறவரை விஷம் ஏறிக்கொண்டே இருக்கும் என்று அவன் மாமியார் சொன்னாளாம்.

"அடிச்சுப் போடு. போட்டாத்தான் நான் நன்னிலம் வருவேன்."

"டாக்டர் சொன்னத நீயும்தானே கேட்ட?"

"ஊசி எனக்கா, டாக்டருக்கா?"

பண்ணையிலிருந்து யாராவது வந்து பேசினார்களா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என்னைய அப்படியா நெனச்ச?" அவ்வளவுதான். போய்விட்டான்.

10-2-1972

இரண்டு வேளையும் மாத்திரை. வலிப்பு இல்லை.

12-2-1972

"நாய் இன்னும் நாலு வருசம் இருக்குமா? நெலம் போனா வருமா?" என்று ராமாயி கேட்டாள். தடியை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவளே வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மரத்துப் போன கால் மாதிரி இருக்கிறது மனசு. வெறி இல்லாததை வெறி என்று ஒத்துக்கொள் என்கிறான் இவன். குத்தகைக்காரனைக் கூலி என்று ஒத்துக்கொள் என்கிறார் அவர். எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன் — போ.

14-2-1972

பஸ் ஸ்டாண்டில் கடைசிவரை பார்த்தேன். மருதையன் வரவில்லை.

"சாட்சி?" "இல்லைங்க." "ரசீது?" "கொடுக்கலைங்க." "வேற என்னய்யா வச்சிருக்க?"

இந்த நோட்டையும் பழைய நோட்டுகளையும் எடுத்து வைத்தேன். நெல் அளந்த தேதி எல்லாம் இருக்கிறது. அதிகாரி இரண்டு பக்கம் புரட்டினார்.

"இது நீயே எழுதுனதுதானய்யா?"

ஆமாம். நானேதான் எழுதினேன்.

சாயங்கால மாத்திரை நேரத்துக்கு வீடு வந்துவிட்டேன்.

17-2-1972

பத்தாம் நாள். ரங்கூன் சாப்பிட்டது, வாலாட்டியது, தண்ணீர் குடித்தது. கயிற்றோடு நன்னிலம் நடத்திக்கொண்டு போய்க் காட்டினேன். வெறி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மருதையன் ஊசி போடப் போகிற ஆஸ்பத்திரியிலேயே சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவன் வீட்டுக்குப் போகவில்லை. ஏன் போக வேண்டும்?

போயிருக்கலாம்.

2-3-1972

மனு தள்ளுபடி.

3-3-1972

மாத்திரை.

11-3-1972

உளுந்து வயலில் ரங்கூன் மறுபடி விழுந்தது. நான் இந்தக் கோடியில் இருந்தேன். முட்டி ஓட விடவில்லை. எனக்கு முன்னால் மருதையன் ஓடினான். வேண்டாம்டா என்று கத்த வாயெடுத்தேன்.

அவன் இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து, எட்டத்தில் வரப்பின் மேல் வைத்தான். துண்டைச் சுருட்டி நாயின் தலைக்கு அடியில் தள்ளினான். அதற்குமேல் தொடவில்லை. பக்கத்தில் குத்தவைத்து, எத்தனை நேரம் இழுக்கிறது என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். நான் போய்ச் சேர்ந்தபோது எழுபதைத் தாண்டியிருந்தான். ஆஸ்பத்திரியில் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பான்.

ரங்கூன் எழுந்து, இரண்டு பேரையும் யாரோ என்பது போலப் பார்த்தது.

"அப்பீலு என்னைக்கி?" தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இருபத்தேழு."

"எத்தன மணி பஸ்ஸு?"

ஆறே காலுக்கு ஒன்று உண்டு. ஏழு மணி பஸ் என்று சொன்னேன். ஆறரைக்கு மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும்.

"சரி" என்றான்.