பலகை விமானங்கள்

தம்பிக்கு,

பழைய ராணுவ விமானத்தளத்தில் திறக்கப்போகும் அருங்காட்சியகத்துக்கு நீ எழுதிய கல்வெட்டு வாசகம் கிடைத்தது. பிழை திருத்தச் சொல்லியிருந்தாய். எழுத்துப் பிழை ஏதும் இல்லை. "போர் முடியும்வரை இத்தளத்தின்மீது ஒரு குண்டுகூட விழவில்லை" என்ற வரியைப் படித்தால்தான் வயிறு எரிகிறது.

ஏன் விழவில்லை என்று எழுதினாயா? எதிரியை ஏமாற்ற, நம் குடியிருப்புக்குப் பின்னால் ஓடுபாதை போல விளக்கு வரிசை வைத்தார்கள். அங்கே நிறுத்திய பலகை விமானங்களைச் செய்த தச்சர்களில் அப்பாவும் ஒருவர். ஊர் முழுக்க ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. நம் தெருவுக்குப் பின்னால் மட்டும் வெளிச்சம்.

"நம்ம தெருவுக்கு வந்த வாழ்வைப் பாருடா!" என்று பக்கத்து வீட்டு மாமா கிண்டலடிப்பார்.

அப்பா அதிகாரியிடமே கேட்டார். "சார், பக்கத்துலயே பிள்ளைகுட்டியோட குடியிருக்கோமே?"

"அதெல்லாம் யோசிக்க ஆள் இருக்கு. நீ ஆணிய அடி."

குண்டு விழுந்தபோது நீ கைக்குழந்தை. அக்கா காய்ச்சலில் படுத்திருந்தாள். அம்மாவால் ஒரு பிள்ளையைத்தான் தூக்க முடிந்தது. உன்னைத் தூக்கினாள். அக்காவைத் தூக்கத் திரும்பியபோது வீடு இல்லை.

அந்தத் தெருவையும் கல்லில் சேர். முடியாதென்றால் திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிடாதே.

"சின்னவன் என்ன எழுதியிருக்கான், படிச்சுக் காட்டுடா" என்று அம்மா காலையிலிருந்து நச்சரிக்கிறாள். என் வாயால் முடியாது. நீயே வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து, சத்தமாகப் படி.

உன் அண்ணன்